அபராதத்துக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: பின்லாந்தில் பணக்காரர் வேகமாகக் கார் ஓட்டினால் அபராதம் லட்சக்கணக்கில் வருமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். வரம்பை 20 கி.மீ.க்கு மேல் தாண்டினால் அங்கே ‘நாள் அபராதம்’. 1921 முதல் இருக்கும் முறை. மாத நிகர வருமானத்தில் 255 யூரோவைக் கழித்து, மீதியை 60-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கான தொகை. குற்றத்தின் கடுமையைப் பொறுத்து எத்தனை நாள் என்று முடிவாகும். 3,255 யூரோ வாங்குபவருக்கு ஒரு நாள் 50 யூரோ. 12 நாள் என்றால் 600. அதே தவறுக்கு 30,255 யூரோ வாங்குபவர் 6,000 கட்ட வேண்டும். வலி இருவருக்கும் ஒன்றுதான் என்பதால், இதுவே நியாயமான கணக்கு என்பேன். சிக்கல், பழைய வருமானத்தை வைத்துக் கணக்கிடும்போது வருகிறது. 2002-இல் நோக்கியா உயரதிகாரி ஒருவருக்கு 1,16,000 யூரோ போட்டார்கள். வருமானம் குறைந்துவிட்டது என்று முறையிட்டதும் நீதிமன்றம் பெருமளவு குறைத்தது.

கேள்வி: சிங்கப்பூரில் சூயிங்கம் மென்றால் சிறையா?

பதில்: இல்லை. 1992 முதல் தடை, இறக்குமதிக்கும் விற்பனைக்கும்தான். ரயில் கதவின் சென்சாரில் ஒட்டிவிட்டுப் போனதால் கதவு மூடாமல் ரயில்கள் நின்றன, அதுதான் காரணம். 2004 முதல் மருத்துவ வகை கம் மட்டும் மருந்தாளுநரிடமோ பல் மருத்துவரிடமோ கிடைக்கும். பையில் நாலு பாக்கெட் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் இறக்குமதிதான்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாதாமே?

பதில்: கூடாது. கூட்டமாக வாழும் பிராணி, இரண்டாவது வேண்டும்.