ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (TSH) கூடினால் தைராய்டு குறைவு என்கிறார்களே, அது எப்படி?

இதற்கு விடை தெரியாமல் நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைவுக்காக அம்மா தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுவந்தார். ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 11.6. சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. "தைராய்டு ஏறிடுச்சும்மா, மாத்திரை ஓவராயிடுச்சு போல. ஒருநாள் விட்டு ஒருநாள் போடு" என்றேன்.

இரண்டு மாதத்தில் அது 38 ஆனது. சித்திரை வெயிலில் அம்மா போர்வை கேட்டார். சீரியல் முடிவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். விரல் வீங்கி மோதிரம் கழற்ற வரவில்லை. டாக்டர், "யாரும்மா டோஸைக் குறைக்கச் சொன்னது?" என்று கேட்டபோது அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அப்பப்போ மறந்துட்டேன் டாக்டர்" என்றார். நான்தான் ஒப்புக்கொண்டேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டு சுரப்பதே இல்லை. தைராய்டை வேலை செய்யச் சொல்லி, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். கழுத்தில் உள்ள தைராய்டு கொடுப்பது டி4, கொஞ்சம் டி3 என்ற ஹார்மோன்கள். இவை ரத்தத்தில் குறைந்தால் மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் உணர்ந்துகொண்டு டிஎஸ்ஹெச்சைக் கூட்டும். தேவைக்கு வந்துவிட்டால் குறைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையை எழுப்புவதை நினைத்துப் பாருங்கள். முதலில் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். எழுந்திருக்காவிட்டால் தெருவுக்கே கேட்கும். ரிப்போர்ட்டில் இருப்பது கூப்பிடுகிறவரின் சத்தம். பிள்ளை எழுந்தானா என்பதை அதை வைத்து ஊகிக்கிறோம்.

பிட்யூட்டரிக்குக் காது ரொம்பக் கூர்மை. டி4 பாதியானால் டிஎஸ்ஹெச் இரண்டு மடங்காவதோடு நிற்காது, பல மடங்கு எகிறும். அதனால்தான் டி4 இன்னும் நார்மல் வரம்புக்குள் இருக்கும்போதே டிஎஸ்ஹெச் ஏறிவிடுகிறது, டாக்டர்களும் முதலில் அதைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கு தப்பும் இடங்களும் உண்டு. பிட்யூட்டரியே பழுதானால் கூப்பிட ஆளில்லை. தைராய்டு குறைந்தும் டிஎஸ்ஹெச் ஏறாது. அப்போது டி4ஐ அளந்தால்தான் தெரியும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் வேறு கதை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் ஒரு புரதம் டிஎஸ்ஹெச் மாதிரியே நடித்துத் தைராய்டை ஓயாமல் தூண்டும். பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும்; டிஎஸ்ஹெச் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், டி4 ஏறியிருக்கும்.

மாதவிடாய் நிற்கும் வயதில், சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் (FSH) ஹார்மோன் கூடுவதும் இதே ஏற்பாடுதான்: சினைப்பை பதில் கொடுப்பதில்லை, பிட்யூட்டரி சத்தத்தைக் கூட்டுகிறது. இன்சுலின் மட்டும் இந்த வரிசையில் வராது. கணையம் ரத்தச் சர்க்கரையைத் தானே பார்த்துச் சுரந்துகொள்ளும்.

சரி, அம்மாவுக்கு முதலில் ஏன் 11.6 வந்தது? அதற்கும் டாக்டர்தான் விடை கண்டுபிடித்தார். "காலையில மாத்திரையோட வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். மூட்டுவலிக்கென்று யாரோ சொன்ன கால்சியம் மாத்திரையும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியும் என்றார் அம்மா. கால்சியம் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கும். மாத்திரை வயிற்றுக்குப் போனது, ரத்தத்துக்குப் போதுமான அளவு வரவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் இப்படித்தான். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் நடுவில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

பழைய டோஸையே தினமும் போடச் சொல்லி, கால்சியத்தை இரவுக்கு மாற்றினார். அடுத்த வாரமே பரிசோதிக்கலாமா என்று கேட்டேன். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம். புது அளவு நிலைப்பட்டு பிட்யூட்டரி அதற்குப் பழக ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும் என்றார். எட்டாவது வாரம் வந்தது 3.1.

இப்போது அம்மா 5.30க்கு அலாரம் வைத்து, வெறும் வயிற்றில் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குகிறார். காபி 6.30க்குத்தான். அதுவரை அடுப்பில் பால் ஏறாது என்பதால் அப்பாவுக்கும் 6.30க்குத்தான், அவருக்குத் தைராய்டு கிடையாது.