'லாங் ஷாட்' நல்ல செய்தி அல்ல, அம்மா

வணக்கம் அம்மா.

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மகளுக்கு அந்த அமெரிக்க ஆலோசகர் அனுப்பிய மெயிலைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தீர்கள். ஒரு வரிக்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு: 'இட்ஸ் எ லாங் ஷாட், பட் கிவ் இட் எ ஷாட்.' பக்கத்திலேயே உங்கள் கையெழுத்தில், 'நாளாகும், ஆனால் கிடைத்துவிடும்.' அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரே வரியில் 'ஷாட்' இரண்டு தடவை வருகிறது, இரண்டும் வேறு வேறு. 'லாங் ஷாட்' என்பது குறி எட்டாத தூரத்தில் இருக்கிறது, கிடைப்பது அரிது என்பது. 'கிவ் இட் எ ஷாட்' என்றால் முயன்று பார். அவர் சொன்னது இதுதான்: விண்ணப்பம் போடட்டும், ஆனால் அந்த இடத்தை நம்பி உட்கார வேண்டாம். கிடைக்காது என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்ல இந்த ஆலோசகர்களுக்கு மனம் வராது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் நமக்குத் தேவையான பதில் மறைந்துபோகிறது.

ஆகவே மகள் இன்றே திருப்பிக் கேட்கட்டும்: 'இந்தப் பல்கலைக்கழகம் எனக்கு ரீச்சா, டார்கெட்டா, சேஃப்டியா?' இந்த மூன்றும் அவர்கள் தொழிலில் அன்றாடம் புழங்கும் சொற்கள். எட்டிப் பிடிக்க வேண்டியது, மதிப்பெண்ணுக்குப் பொருந்துவது, அநேகமாகக் கிடைத்துவிடுவது. இப்படிக் கேட்டால் சுற்றி வளைக்காமல் பதில் வரும்.

'டோன்ட் புட் ஆல் யுவர் எக்ஸ் இன் ஒன் பாஸ்கெட்', அதாவது எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்ற வரியைப் படித்துவிட்டு அப்பா கோபப்பட்டதாகச் சொன்னீர்கள். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவன் உருப்பட்டதில்லை' என்றாராம். அவர் சொல்வதும் சரி, ஆலோசகர் சொல்வதும் சரி. காலம்தான் வேறு. விண்ணப்பிக்கும் மாதங்களில் ஒரே கல்லூரியை நம்பக் கூடாது. சேரும் இடம் முடிவாகிப் பணம் கட்டிய பிறகு அப்பா சொல்வதுதான் சட்டம். இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது, மெயிலில் செலவைப் பற்றிச் சொன்ன இடத்தில் இருந்த 'பால்பார்க் ஃபிகர்'. அது பேஸ்பால் மைதானத்தை வைத்து வந்த பேச்சு. 'ஏறக்குறைய இவ்வளவு' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நீங்களோ அந்தத் தொகையை நோட்டில் எழுதி, நிலத்தை அடகு வைப்பதுவரை பேசிவிட்டீர்கள். பொறுங்கள் அம்மா. இடம் கிடைத்த பிறகு பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவம் தரும். படிப்புக் கட்டணமும் தங்கும் செலவும் அதில் எண்ணாகவே இருக்கும். விசாவுக்குப் பணம் காட்டுவதும் அதை வைத்துத்தான். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். எனவே பத்திரம் வெளியே வரத்தான் போகிறது. சரியான தொகை கைக்கு வரட்டும், அதற்குப் பிறகு வரட்டும்.

'ஆன் தி ஃபென்ஸ்' என்பது நம் மதில் மேல் பூனைதான், விளக்கம் வேண்டாம். ஆனால் பூனை எத்தனை நாள் உட்காரலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு அழைத்தால், பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதென்று அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன்னால் அவசரப்படுத்தினால், அந்தப் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உதவித்தொகை இல்லாத இடமென்றால், மெயிலில் போட்டிருக்கும் தேதிதான் கணக்கு.

இன்னொன்று. 'இட் டஸின்ட் ஹர்ட் டு ஆஸ்க்' என்று அவர் கடைசியில் எழுதியிருந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. கேட்பதில் நஷ்டமில்லை என்கிறார். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சில துறைகளில் வழி உண்டு, கேட்பவர்களுக்கு மட்டும். மகளுக்குக் கூச்சமாக இருந்தால் சனிக்கிழமை அழைத்து வாருங்கள். அந்த மெயிலை இங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடுவோம்.