ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் எத்தனை பயணிகள் ஏறுவார்கள் என்று கணிக்கும் உங்கள் மாதிரியில், சூளூர்பேட்டைக்கு மட்டும் கணிப்பு ஏன் உண்மை எண்ணிக்கையில் பாதியாக வருகிறது?

கோளாறு சூத்திரத்தில் இல்லை, சுற்றி வசிப்பவர்களை எண்ண எல்லா நிலையத்துக்கும் ஒரே அளவில் நீங்கள் போட்ட 800 மீட்டர் வட்டத்தில் இருக்கிறது. அது நடந்து வருபவர்களுக்கான அளவு.

சென்னைப் புறநகர் ரயில் சூளூர்பேட்டையோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள ஊர்க்காரர்களும் அங்கே வந்துதான் ஏற வேண்டும். காலை வண்டிக்கு நின்று பாருங்கள், பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வருவார்கள். அவர்கள் வீடு எதுவும் உங்கள் வட்டத்துக்குள் வராது.

சோதிக்க, சூளூர்பேட்டையை எடுத்துவிட்டு கணிப்பு மாதிரியை மறுபடி ஓட்டுங்கள். மற்ற நிலையங்களின் பிழை சட்டென்று குறைந்தால், சூளூர்பேட்டைதான் அவற்றின் கணக்கையும் இழுத்துக்கொண்டிருந்தது என்று தெரியும். அப்புறம் அதற்கு மட்டும் வட்டத்தைப் பெரிதாக்கி, வந்து சேரும் பஸ்களின் எண்ணிக்கையையும் ஒரு மாறியாகச் சேருங்கள். ஒவ்வொரு கிராமத்தையும் ஒரே நிலையத்தின் கணக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நிலையங்களான ஆரம்பாக்கம், தடா பக்கம் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவீர்கள்.

இன்னொன்று, மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வளர்ந்த பிறகு தடா வேறு ஊர் போல மாறிவிட்டது. அங்கேயும், சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் கும்மிடிப்பூண்டியிலும், குடியிருப்பவர்களைவிட வேலைக்கு வருபவர்களை எண்ணினால்தான் கணக்கு ஓரளவு சரியாக வரும்.