மூக் (MOOC) என்ற, யாரும் சேரக்கூடிய இணைய வகுப்புகள் வந்த பிறகு கல்லூரி நூலகருக்கு இன்னும் என்ன வேலை?

தக்கலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை குறைந்துவிட்டது, மறுக்கவில்லை. வேறு வேலை வந்து உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் ஒரு போன். எங்களிடம் படித்து முடித்த பெண். கருங்கலில் வீட்டிலிருந்தே, ஐஐடிகள் முதலியவை நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெலில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். "சாரே, படிக்கச் சொன்ன கட்டுரையத் திறந்தா காசு கேக்குது. நம்ம லைப்ரரியில உண்டுல்லா, அனுப்பித் தருவியளா?"

உண்டு. ஆனால் அனுப்ப முடியாது. அந்த இதழுக்கு நாங்கள் கட்டும் சந்தா, இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். படித்து வெளியே போனவர், ஒப்பந்தப்படி வெளியாள். என்பிடெல் பாடங்களும் இருக்கும் மத்திய அரசின் இணையத் தளமான ஸ்வயம் 2017-ல் தொடங்கியதிலிருந்து யாரும் இலவசமாகப் பாடத்தில் சேரலாம். பாடத்தோடு நூலகம் வருவதில்லை. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்று நூலக அறிவியலின் முன்னோடி, சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-ல் விதி எழுதியபோது புத்தகத்துக்குப் பூட்டு அலமாரியில்தான் இருந்தது.

அவள் கேட்டவை மூன்று கட்டுரைகள். இலவசமாகக் கிடைக்கும் சட்டபூர்வப் பிரதிகளைக் காட்டும் அன்பேவால் என்ற உலாவி நீட்சியை வைத்துத் தேடினேன். ஒன்றின் கைப்பிரதியை, அதை எழுதியவரே தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டிருந்தார். சட்டப்படி சரியான பிரதி. இன்னொன்றுக்குப் பதிலாக, அதே விஷயத்தை விரிவாகச் சொல்லும் முனைவர் பட்ட ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருந்தது. இதற்கே ஒரு மதியம் போய்விட்டது.

ஆசிரியர்கள் பக்கம் வேறு தலைவலி. பாடப்புத்தகப் படத்தை வகுப்பில் நகலெடுத்துக் கொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. பாடப் பகுதிகளை நகலெடுத்து விற்றதற்காகப் பதிப்பகங்கள் தொடுத்த டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-ல் உயர் நீதிமன்றமும் மாணவர் பக்கமே நின்றது. அந்தத் தைரியத்தில் அதே படத்தை, யாரும் பார்க்கக்கூடிய இணையப் பாட வீடியோவில் போட்டுவிட முடியாது. "எல்லாரும் போடுறாங்களே சார்" என்பார்கள். உரியவரே பிறர் பயன்படுத்த முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வேறு படம் தேடுவேன்; இல்லையென்றால் பதிப்பாளருக்கு அனுமதிக் கடிதம். எங்கள் கல்லூரியில் இதைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

அந்தப் பெண் கேட்ட மூன்றாவது கட்டுரை எங்கும் கிடைக்கவில்லை. எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். பலர் மகிழ்ச்சியாகவே அனுப்புவார்கள். இவர் இன்னும் அனுப்பவில்லை. அவளுக்கு ஏழாம் வாரப் பாடம் தொடங்கிவிட்டது.