ஸ்பீக்கர் பாக்ஸ்ல போர்ட் ஓட்டை போட்டாச்சு, பாஸ் டம்டம்னு அடிக்குது, என்ன பண்றது?

30 லிட்டர் பாக்ஸ், 8 இன்ச் வூஃபர் (பாஸ் ஸ்பீக்கர்), 18 மி.மீ எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்தின) பலகையில 7 செ.மீ ஓட்டை, டியூப் எதுவும் வைக்கல. எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே சுருதியில டம்டம்னு அடிக்குது, வால்யூம் ஏத்தினா ஓட்டையில புஸ்ஸு புஸ்ஸுனு காத்து சத்தம், கடைக்காரர் ஓட்டையை 10 செ.மீ ஆக்கச் சொல்றார், ஆக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

ஆக்காதீங்க. ஜிக்சாவை முதல்ல கீழ வைங்க.

காலி பாட்டில் வாயில ஊதினா ஊன்னு ஒரு சத்தம் வரும்ல, அதே கதைதான் இது. கழுத்து நீளமானா சுருதி இறங்கும், அகலமானா ஏறும். உங்க பாக்ஸுக்குக் கழுத்துன்னு இருக்கிறது பலகையோட தடிமன் மட்டும்தான், அதனால 70 ஹெர்ட்ஸ் பக்கம் போய் நிக்குது, அந்த டம்டம் அதுதான். ஓட்டையை 10 ஆக்கினா 80ஐயும் தாண்டிடும், இன்னும் மோசம்.

உங்களுக்கு வேண்டியது டியூப். 40 ஹெர்ட்ஸ் வேணும்னா 7 செ.மீ உள்விட்டத்துக்கு பலகையையும் சேர்த்து சுமார் 19 செ.மீ நீளம் வரும், 10 செ.மீ விட்டம்னா 42 செ.மீ, அதை அந்தப் பாக்ஸுக்குள்ள எங்க வைப்பீங்க? பிவிசி பைப்பே போதும், ஆனா அது மேல போட்டிருக்கிறது பெரும்பாலும் வெளிவிட்டம், நீங்க உள்ள அளந்து வாங்குங்க. பைப் நுழையிற அளவுக்கு மட்டும் ஓட்டையை அரத்தால அராவுங்க. பைப்பை 22 செ.மீ விட்டு வெட்டிக்கோங்க, குறைக்கலாம், ஒட்டி நீட்ட முடியாது. உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவுல 7 செ.மீயாவது காலி இருக்கணும்.

புஸ்ஸு சத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம் கூர்மையான விளிம்பு. ரௌட்டர் (விளிம்பை உருட்டுற மர மிஷின்) இருந்தா ரெண்டு முனையும் முடிஞ்ச அளவு உருட்டுங்க, இல்லைன்னா உப்புத்தாளை ஒரு குச்சியில சுத்தி உக்காந்து தேய்ங்க, கட்டைவிரலை உள்ளயிருந்து வெளிய இழுத்தா எங்கயும் தட்டக்கூடாது. மாஸ்க் போடாம எம்டிஎஃப்பைத் தேய்க்காதீங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல 40 ஹெர்ட்ஸ் டோன் போட்டு கோன் (வூஃபர்ல முன்னும் பின்னும் அசையிற கூம்பு) மேல விரலை லேசா வைங்க. சரியான டியூனிங்ல கோன் கிட்டத்தட்ட அசையாது, போர்ட்ல மட்டும் காத்து அடிக்கும். 35ல கோன் அடங்கி 40ல ஆடினா பைப் நீளம் அதிகம்னு அர்த்தம், அரை அரை சென்டிமீட்டரா குறைங்க.

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம். "எல்லா பாக்ஸுக்கும் பொருந்தும்"னு ரெடிமேட் போர்ட் டியூப் விக்கிறாங்க பாருங்க, அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. பாக்ஸ் லிட்டரைக் கேக்காம டியூப் எடுத்துக் கொடுக்கிறவர் உங்க காசைத்தான் பாக்கிறார். வூஃபர் அட்டைப்பெட்டியில வாட்ஸ் மட்டும் கொட்டை எழுத்துல போடுறாங்க, எஃப்எஸ் (வூஃபரோட சொந்தச் சுருதி), க்யூடிஎஸ் (அதோட ஆட்டம் எவ்வளவு கட்டுக்குள்ள அடங்குதுங்கிற நம்பர், கூடினா கட்டுப்பாடு குறைவு), விஏஎஸ் (கோன் எவ்வளவு இளக்கமா இருக்குன்னு லிட்டர்ல சொல்றது)னு மூணு நம்பர் அச்சடிக்க என்ன கேடு? தீல்ங்கிற இன்ஜினியர் 1961லயே போட்டுக் கொடுத்த கணக்கு, ஸ்மால்ங்கிற இன்னொருத்தர் 70கள்ல விரிவாக்கினது, இன்னும் கேட்டாதான் கொடுப்பேன்னா என்ன நியாயம்!

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமா படிங்க. உங்க வூஃபரோட க்யூடிஎஸ் 0.5க்கு மேல இருந்தா மேல சொன்ன எதையும் செய்யாதீங்க. டியூப் எவ்வளவு நீளம் வெச்சாலும், விளிம்பை எவ்வளவு வழவழப்பா தேய்ச்சாலும் அந்த வூஃபர் போர்ட்டோட ஒத்துப்போகாது, பாஸ் கொழகொழன்னுதான் வரும். அதுக்கு மூடின பாக்ஸ்தான் சரி. ஓட்டைக்கு உள்பக்கமா அதே 18 மி.மீ பலகையை வட்டமா வெட்டிப் பசை போட்டு ஸ்க்ரூ அடிச்சு, சுத்திலும் காத்து கசியாம அடைச்சிடுங்க. 0.4க்குக் கீழன்னா தைரியமா போர்ட் வைங்க. நடுவுல மாட்டினா ரெண்டையும் கேட்டுப் பாருங்க, பழைய துணியை உருட்டி ஓட்டையில இறுக்கமா திணிச்சா மூடின பாக்ஸ் எப்படிக் கேக்கும்னு ரெண்டே நிமிஷத்துல ஓரளவு தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் பைப் வாங்கப் போங்க.