'புட் ஆஃப்' என்றால் ரத்து இல்லை

நேர்முகத் தேர்வை 'புட் ஆஃப்' செய்திருக்கிறோம் என்று மின்னஞ்சல் வந்ததும் வேலை போச்சு என்று முடிவு கட்டிவிட்டீர்களே! ரத்து என்றால் 'கால் ஆஃப்' என்று எழுதியிருப்பார்கள். இது தள்ளிவைப்புதான். புதுத் தேதியைத் தயங்காமல் கேளுங்கள்.

பதில் எழுதும்போது 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' தப்பு.

அப்புறம், கடைசி வரியில் 'டோன்ட் பி புட் ஆஃப் பை தி டெஸ்ட்' என்று இருந்ததாகச் சொன்னீர்கள். அங்கே தள்ளிவைப்புக்கு வேலையே இல்லை. எழுத்துத் தேர்வைப் பார்த்து மிரண்டு பின்வாங்கிவிடாதீர்கள் என்கிறார்கள். ஆளைச் சாக்குச் சொல்லி இழுத்தடிப்பதற்கும் இதே சொல் உண்டு. உங்கள் மின்னஞ்சலில் அது இல்லை, நல்லவேளை.