கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதில் மனநிறைவு கிடைக்குமா? காசு வாங்கலாமா?

கிடைக்கும். ஆனால் மார்க் ஏறுவதில்தான் அது இருக்கிறது என்று நினைத்து இறங்கினால் சீக்கிரமே அலுத்துப்போகும்.

நான் மலேசியாவில், ஈப்போ நகருக்குப் பக்கத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பகலில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை, சாயங்காலம் வீட்டு முன்கூடத்தில் டியூஷன். என்னிடம் வரும் பிள்ளைகளின் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இப்போது குடும்பமெல்லாம் தாமானுக்கு, அதாவது ஊருக்குள் இருக்கும் குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டது. அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு ஃபேக்டரி ஷிப்ட். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை வசதியுள்ளவர்கள் ஈப்போவுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னிடம் வருவது, "இவனுக்குக் கணக்கே ஏறாது டீச்சர், பாஸ் பண்ணினா போதும்" என்று விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள்தான். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-லும் படிவம் 3-இல் எழுதும் பிடி3 தேர்வை 2022-லும் எடுத்துவிட்டார்கள். அதனால் இவர்களுக்கு முதல் பெரிய அரசாங்கத் தேர்வே படிவம் 5-இல் எழுதும் எஸ்.பி.எம். எங்கே ஓட்டை என்று அதுவரை யாருக்கும் தெரிவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை தமிழில் படித்த கணக்கு, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-இல் மலாய்க்கு மாறியபோதே பலர் வாயை மூடிக்கொண்டவர்கள்.

படிவம் 4 பையன் ஒருவன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவான். தப்பு என்று சிவப்பு மையில் கோடு போட்டிருக்கலாம். பள்ளியில் அதைத்தான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறான். ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "ரெண்டு கேள்வியில ஒண்ணு சரி, மூணு கேள்வியில ஒண்ணு சரின்னா, மொத்தம் அஞ்சுல ரெண்டு சரிதானே?"

யோசித்துப் பாருங்கள், அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது! பரீட்சை மார்க்கை நாம் அப்படித்தான் கூட்டுகிறோம். ஒரே பொருளின் பங்குகளைக் கூட்டும்போதுதான் அது செல்லாது. சரி என்று ஒரு வெள்ளியை, அதாவது நூறு காசு கொண்ட ஒரு ரிங்கிட்டை, எடுத்துக்கொண்டோம். அரை வெள்ளி எவ்வளவு? 50 காசு. ஐந்தில் இரண்டு? 40 காசு. "அப்போ 50 காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா 40 காசா?" நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், "மீதி பத்துக் காசை யாரு டீச்சர் எடுத்தா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். அப்புறம் ரப்பரை எடுத்து அவனே அழித்தான். ஆறில் மூன்று, ஆறில் இரண்டு என்று மாற்றி ஆறில் ஐந்துக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆனது. எனக்குக் கிடைப்பது அந்த அரை மணி நேரம்தான். எஸ்.பி.எம்.மில் என்ன வாங்குவான் என்பது வேறு விஷயம்.

இதற்காகவே சில நாள் பலகையில் வேண்டுமென்றே தப்பாகப் போடுவேன். வாயே திறக்காத பிள்ளை "டீச்சர், அங்க மைனஸ் வரணும்" என்று சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டாம். எல்லா நாளும் அப்படி இருக்காது. வாய்ப்பாடு தெரியாமல் கால்குலேட்டரைத் தேடுகிற நாள்தான் அதிகம்.

காசு வாங்குங்கள், கொஞ்சமாவது. இலவசம் என்றால் லேசாகத் தூறினாலே வரமாட்டார்கள். கொடுக்க முடியாத வீடு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அங்கே மட்டும் கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம். கூட்டம் கூடினால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்க நேரம் இருக்காது.